பெயர் சுட்டாமையும் சோல் இசைப் பாடல்களும்

அகத்திணைப் பாட்டில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறாது என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த விதி. இவ்விதியின் வன்மையை நெடுநல்வாடை பற்றிய உரைமரபு நன்கு காட்டும். பிரிந்த தலைவியின் துயரையும் பாசறையில் உறங்காத தலைவனின் நிலையையும் கூறும் அப்பாட்டு, பொருளால் அகமேயாயினும், வேலின் தலையிற் சூட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிட்டமையின் அகமாகாதாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கருத்து. ஒரு தழை ஒரு நெடும்பாட்டின் திணையையே மாற்றிவிட்டது. பெயர் என்பது பாட்டின்மேல் ஒட்டிய சீட்டன்று; பாட்டு யாருக்கு உரியது, எவ்விடத்துப் பாடுதற்கு உரியது என்பவற்றை முடிவு செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு.

முதுகலை வகுப்பில் யாம் திருக்கோவையார் நடத்திக்கொண்டிருந்த பொழுது மாணவர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். காதற்பாட்டின் வடிவை எடுத்து இறைவன் பெயரை அதனுள் அமைத்தால் அது பத்திப்பாட்டு ஆகின்றது. அங்ஙனமாயின், பத்திப்பாட்டிலிருந்து இறைவன் பெயரை எடுத்துவிட்டால் அது மீண்டும் காதற்பாட்டு ஆகிவிடுமா என்பது அவ்வினா. தமிழில் அகம் பத்தியான வரலாற்றுக்குச் சான்றுகள் பல. பத்தியிலிருந்து பெயரை நீக்கி அகமாக்கிய சான்று எளிதிற் கிடைப்பதில்லை. ஆனால் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் இசைமரபில் அச்செயல் நம் காலத்துக்கு அணித்தாக, ஆண்டும் நாளும் அறியும் வகையில், பன்முறை நிகழ்ந்துள்ளது. 1970கள் முழுதும் உலகெங்கும் கேட்கப்பெற்ற 'சோல்' இசை அச்செயலின் விளைவே. அதனையும், அதனோடு கொண்டுங் கொடுத்தும் வளர்ந்த பாப், ராக் இசைப் பாடல்கள் சிலவற்றையும் இவ்வினாவின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சோல் என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். அமெரிக்க இசை வணிக இதழாகிய 'பில்போர்டு', கறுப்பின மக்கள் வாங்கும் இசைத்தட்டுக்களின் விற்பனைப் பட்டியலுக்கு 1949இல் 'ரிதம் அண்டு புளூஸ்' என்று பெயரிட்டது; 1969இல் அப்பெயரை நீக்கிச் 'சோல்' என்று மாற்றியது; 1982இல் இதனையும் நீக்கியது. ஆகவே எழுபதுகள் முழுமையும் ஆன்மா என்பது ஒரு விற்பனைப் பட்டியலின் தலைப்பாய் இருந்தது. இதனை நகைத்தற்குரியதாகக் கொள்வாரும் உளர். யாம் அங்ஙனம் கொள்ளவில்லை. அவ்விசைக்குத் தாயகம் எது என்பதனை வணிகரும் மறைக்க இயலவில்லை என்றே கருதுகின்றோம்.

அத்தாயகம் திருச்சபை. 'காஸ்பல்' எனப்படும் நற்செய்திப் பாடல்கள் அங்கே பாடப்பெற்றன. முன்னவர் ஓர் அடியைப் பாடக் குழுவினர் அதனை வாங்கிப் பாடுவர். பின்னர் முன்னவர் குழுவினரோடு உரையாடுவார் போலச் சொற்களை இடையிடையே பெய்துகொண்டு செல்வார். ஓர் உயிரெழுத்தைப் பற்றிக்கொண்டு பல சுரங்களில் இழைந்து ஏறி இறங்குதல், ஒரு சிறு தொடரையே மடக்கி மடக்கிப் பாடிக் கேட்போரின் உள்ளத்தைக் கொதிநிலைக்குக் கொணர்தல், சொல் தோற்ற இடத்தில் வாய்விட்டு அலறுதல் ஆகியவை அப்பாட்டின் இயல்புகள். இவற்றுள் எதற்கும் இறைவன் பெயர் இன்றியமையாதது அன்று என்பதனை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். பெயரை எடுத்தாலும் இவை எஞ்சி நிற்கும்.

காஸ்பல் பாடலின் தந்தை எனப் போற்றப்படும் தாமஸ் ஏ. டார்சி (1899–1993) தொடக்கத்தில் 'ஜார்ஜியா டாம்' என்னும் பெயரில் புளூஸ் பாடல்களை, அவற்றுள்ளும் இருபொருள்பட வரும் சிற்றின்பப் பாடல்களை, இயற்றியவர். 1932இல் மகப்பேற்றின்போது மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்துபட்ட துயரத்தில் அவர் இயற்றிய 'பிரெஷஸ் லார்டு' என்னும் பாடல், ஆண்டவரைத் தம் கைப்பற்றி நடத்துமாறு வேண்டுவது. அது கறுப்பினத் திருச்சபைகளில் நிலைபெற்றுவிட்டது. ஆகவே திருச்சபையிலிருந்து இசை வெளியே சென்று கெட்டது என்று கூறுவோர், அவ்விசையுள் ஒரு பகுதி வெளியிலிருந்தே உள்ளே வந்தது என்பதனை மறந்துவிடுகின்றனர். இவ்வாற்றின் ஊற்றுக்கண் எக்கரையில் உள்ளது என்று வழக்காடுதல் பயனற்றது.

பெயர் நீக்கம் தெளிவாகப் புலப்படுவது 1954இல். அவ்வாண்டு நவம்பரில் ரே சார்லஸ் பதிவு செய்த 'ஐ காட் எ உமன்' என்னும் பாடல், சதர்ன் டோன்ஸ் என்னும் குழுவினர் இயேசுவைப் பாடிய ஒரு காஸ்பல் பாடலை அடியொற்றியது. இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண் வந்தாள். இசை அங்ஙனமே நின்றது. சாம் குக் செய்தது இன்னும் நுண்ணியது. 'சோல் ஸ்டிரர்ஸ்' என்னும் காஸ்பல் குழுவின் முதற் பாடகராய் விளங்கிய அவர், இறைவனை வியந்து தாம் பாடிய 'வொண்டர்புல்' என்னும் பாடலையே சிறிது மாற்றி, 'லவபிள்' என்று காதலியைப் பாடும் பாடலாக்கி 1956இல் பதிவு செய்தார். அத்தட்டில் அவர் தம் பெயரை இட்டுக்கொள்ளவில்லை; டேல் குக் என்னும் புனைபெயரில் அது வெளிவந்தது. பாட்டினின்று இறைவன் பெயரை நீக்கியவர், தட்டினின்று தம் பெயரையும் நீக்க வேண்டியதாயிற்று. குரலை மறைக்க இயலவில்லை, கேட்டோர் அறிந்துகொண்டனர். அடுத்த ஆண்டு 'யூ செண்ட் மீ' தம் பெயரிலேயே வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியபொழுது, காஸ்பல் உலகில் அவருக்கிருந்த இடம் போயிற்று. நம் நாட்டு உரையாசிரியர்க்குத் திணைப்பாகுபாட்டுச் சிக்கலாக இருந்த ஒன்று, அந்நாட்டுப் பாடகர்க்கு வாழ்க்கைச் சிக்கலாக இருந்தது.

இம்மரபின் முழு விளைவையும் ஓரிடத்திற் காண விழைவோர், 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வாட்ஸ் பகுதியில் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் திருச்சபையில் நிகழ்ந்தவற்றைக் காண வேண்டும். பாடியவர் அரீதா பிராங்க்ளின். அவர் தந்தையார் சி. எல். பிராங்க்ளின், டெட்ராயிட் நகரத்து நியூ பெத்தேல் திருச்சபையின் போதகர், சொற்பொழிவால் நாடறிந்தவர். அரீதா சிறுமியாய் அத்திருச்சபையிற் பாடிப் பழகினார். 1967இல் 'ரெஸ்பெக்ட்' என்னும் பாடலால் சோல் இசையின் தலைமை அவருக்கு வாய்த்தது. அப்பாடல் ஓட்டிஸ் ரெடிங் 1965இல் ஆண்மகன் கூற்றாகப் பாடியது. அரீதா அதனைப் பெண் கூற்றாக்கினார். கூற்று மாறியவுடன் பாட்டின் பொருளே தலைகீழாயிற்று. கூற்றினைப் பாட்டின் உயிராகக் கொண்ட நம் அகமரபினர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1972இல் அரீதா திருச்சபைக்கு மீண்டார் என்று பலரும் எழுதுவர். மீண்டார் என்னும் சொல் முற்றும் பொருந்தாது. அவர் தனியே செல்லவில்லை. காதற்பாட்டுக்களுக்குத் தாம் பயன்படுத்திய இசைக்கருவியாளரையே, முரசில் பெர்னார்டு பர்டி, பாஸ் கிதாரில் சக் ரெய்னி, கிதாரில் கார்னல் டுப்ரீ ஆகியோரை, உடன் அழைத்துச் சென்றார். அங்கே ஜேம்ஸ் கிளீவ்லண்டின் தலைமையில் தெற்குக் கலிபோர்னியச் சமுதாயப் பாடற்குழு அவரோடு பாடிற்று. கொண்டு சென்ற பாட்டுக்களுள்ளும் எல்லாம் திருச்சபைப் பாட்டுக்கள் அல்ல. மார்வின் கேயின் தொகுதியிலிருந்து ஒரு பாட்டு, 1945ஆம் ஆண்டு மேடை நாடகம் ஒன்றின் பாட்டு, கரோல் கிங் இயற்றிய ஒரு பாப் பாட்டு ஆகியனவும் இருந்தன. அக்கட்டடமே முன்னாளில் திரைப்படக் கொட்டகையாய் இருந்து பின்னர்த் திருச்சபையானது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

கரோல் கிங்கின் பாட்டினைச் சற்று விரிவாக நோக்குவோம். நியூயார்க்கு நகரத்து யூதக் குடும்பத்திற் பிறந்த இவ்வம்மையார், 1967இல் அரீதா பாடுதற்கென்றே 'நேச்சுரல் உமன்' என்னும் பாடலைக் கணவரோடு சேர்ந்து இயற்றியவர். 1971இல் வெளியிட்ட 'டேப்பஸ்ட்ரி' என்னும் தொகுதியில், உனக்கு ஒரு நண்பர் உண்டு எனப் பொருள்படும் தலைப்புடைய பாட்டு ஒன்று உள்ளது. ஜேம்ஸ் டெய்லரும் அதனை அவ்வாண்டே பாடிப் பரப்பினார். துன்பம் வந்துற்றபோது தன் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும், தான் வந்துவிடுவதாக ஒருவர் தம் நண்பர்க்கு உறுதி கூறுவதே அதன் பொருள். பெயரைச் சொல்லி அழைக்குமாறு வேண்டும் அப்பாட்டினுள் அப்பெயர் யாதென்று சொல்லப்படவில்லை. இதுவே அதன் நுட்பம். பெயர்க்குரிய இடம் திறந்து கிடக்கின்றது. யார் வேண்டுமாயினும் அதனுள் வந்து அமரலாம்.

அரீதா அவ்விடத்தில் இயேசுவை அமர்த்தினார். அவ்வளவில் நில்லாமல், டார்சியின் 'பிரெஷஸ் லார்டு' பாடலோடு அதனைப் பின்னிப் பாடினார். நாற்பதாண்டு இடையிட்ட இரு பாட்டுக்கள், ஒன்று மனைவியை இழந்த கறுப்பினத்தவர் ஒருவருடையது, மற்றொன்று பாப் இசை இயற்றும் வெள்ளையர் ஒருவருடையது, ஒரே பாட்டின் இரு பாதிகள் போல இயைந்தன. இலக்கணத்தில் நிகழ்ந்த மாற்றம் சிறிது: தன்மையில் இருந்த நண்பர் படர்க்கைக்குச் சென்றார். கிங்கின் பாட்டில் உறுதி கூறுபவரே வருபவர். அரீதாவின் பாட்டில் வருபவர் இறைவன். பாடுபவர் அச்செய்தியைக் கொண்டுரைக்கும் தூதர். முன்னையது தோழமைப் பாட்டு. பின்னையது நற்செய்திப் பாட்டு. வேம்பு சூட்டியவுடன் அகம் புறமானது போன்றதே இது.

இதற்கு மறுதலையான சான்று 1970இல் வெளிவந்த 'பிரிட்ஜ் ஓவர் டிரபுள்டு வாட்டர்' என்னும் பாடல். பால் சைமன் இயற்றி ஆர்ட் கார்பங்கல் பாடிய இதற்கு வித்தாயது, சுவான் சில்வர்டோன்ஸ் என்னும் காஸ்பல் குழுவின் பாடகர் கிளாட் ஜீட்டர், 'மேரி டோண்ட் யூ வீப்' என்னும் பழம்பாட்டினிடையே தாமாகப் பெய்து பாடிய ஓர் அடி. பெயரை நம்புவோர்க்கு ஆழ்நீரின்மேற் பாலமாவதாக இறைவன் கூறும் கருத்து அவ்வடியில் அமைந்தது. சைமன் பாலத்தை எடுத்துக்கொண்டார், பெயரை விட்டுவிட்டார். எனவே யார் யாருக்குப் பாலமாகின்றார் என்பது திறந்து நின்றது. கேட்டோர் தத்தம் நண்பரையும் தாயையும் இறைவனையும் அவ்விடத்து வைத்துக் கேட்டனர். 1971இல் அரீதா இதனையும் பாடினார். அடுத்த ஆண்டு வாட்ஸ் திருச்சபையில் பாடிய பாட்டுக்களை இசைத்தட்டுத் தொகுதியாக்கியபொழுது, முதற்கண் வைத்தது 'மேரி டோண்ட் யூ வீப்' என்னும் அப்பழம்பாட்டையே. ஒரு பாட்டு திருச்சபையை விட்டுப் புறப்பட்டு, பாப் உலகம் முழுதும் சுற்றி, சோல் பாடகியின் நாவில் ஏறி, அவரோடு தன் பிறந்தகத்து வாயில்வரை வந்துவிட்டது என்று கூறலாம்.

இனி, ராக் இசையினின்று ஒரு சான்று. ஜார்ஜ் ஹாரிசன் 1970 இறுதியில் வெளியிட்ட 'மை சுவீட் லார்டு' என்னும் பாடல் நமக்கு அணுக்கமானது. எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினர் பாடி 1969இல் பரவிய 'ஓ ஹேப்பி டே' என்னும் காஸ்பல் பாட்டின் தூண்டுதலால் தோன்றியது அது. ஹாரிசனுக்கு முன்னரே பில்லி பிரஸ்டன் அக்குழுவினரோடு சேர்ந்து அதனைப் பாடித் தட்டாக்கினார். பாடல் முழுதும் ஆண்டவனைக் காணவேண்டும் என்னும் வேட்கை. பின்பாட்டுக்காரர் முதலில் அல்லேலூயா என்கின்றனர். இடையில் அது ஹரே கிருஷ்ண என மாறிவிடுகின்றது. உடன்பாடி வருவோர் தம்மை அறியாமலே கண்ணன் பெயரைச் சொல்ல நேரும் என்பது ஹாரிசன் வகுத்த சூழ்ச்சி. பெயரின் ஆற்றலை அறிந்து, அதனை மறைவாகப் புகுத்தியவர் அவர்.

ஆனால் அவரறியாமல் வேறொன்று அப்பாட்டிற் புகுந்திருந்தது. 1963இல் சிபான்ஸ் என்னும் பெண்கள் குழுவினர் பாடிய 'ஹி இஸ் சோ பைன்', ஓர் அழகிய இளைஞனைக் கண்டு அவன்பாற் காதல் கொண்ட பெண்ணின் பாட்டு. அதன் மெட்டே இதன் மெட்டு என்று வழக்குத் தொடரப்பட்டது. வழக்கைக் கேட்ட நீதிபதி ரிச்சர்டு ஓவன், தாமே இசைநாடகம் இயற்றியவர். ஹாரிசன் வேண்டுமென்று கவரவில்லை, உள்மனத்தில் தங்கிய மெட்டு அவர் அறியாமலே வெளிப்பட்டது, எனினும் உரிமைமீறல் உரிமைமீறலே என்று 1976இல் அவர் தீர்ப்பளித்தார். தலைவனை நயந்த தலைவியின் பாட்டு, பாடியவர் அறியாமலே, கண்ணனை நயந்த அடியாரின் பாட்டாகிவிட்டது. ஆழ்வார் தலைவி நிலையில் நின்று பாடிய பாசுரங்களுக்கு அந்யாபதேசம், ஸ்வாபதேசம் என இருவகைப் பொருள் கூறும் வைணவ உரைகாரர் இத்தீர்ப்பினைக் கேட்டிருப்பின் வியந்திருக்கமாட்டார்.

இவ்விடத்து ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. நச்சினார்க்கினியர்க்கு ஓர் அடையாளப் பூவே போதும், பாட்டு வேறாகிவிடும். நியூயார்க்கு நீதிமன்றத்துக்கோ பெயரும் பொருளும் பொருட்டல்ல. காதலன் பெயராயினும் கடவுள் பெயராயினும், மெட்டு ஒன்றாயின் பாட்டு ஒன்று. இவற்றுள் எது உண்மை? பாட்டு எங்கே பாடப்படும், யார் பாடலாம், பாடியவர் யாருக்கு விடையிறுக்க வேண்டும் என்பவற்றைப் பெயர் முடிவு செய்கின்றது. கேட்பவரின் உள்ளம் எத்துணை உருகும் என்பதனை இசையே பெரும்பாலும் முடிவு செய்கின்றது. சாம் குக்கின் வரலாறு முன்னதற்குச் சான்று. அவர் பாட்டினைக் கேட்டு அவையினர் இரு நிலையிலும் ஒருபடித்தாய்க் கலங்கியது பின்னதற்குச் சான்று.

மார்வின் கேயின் நிலை இவற்றினும் வேறானது. வாஷிங்டன் நகரத்துப் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, டெட்ராயிட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் காதற்பாட்டுப் பாடி வளர்ந்த அவர், 1971இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் தொகுதியில் காதலியையும் பாடவில்லை. இறைவனை மட்டும் பாடினார் என்றும் கூறுவதற்கில்லை. தலைப்புப் பாடல் தாய், உடன்பிறந்தார், தந்தை என உறவுமுறைப் பெயர்களால் விளித்து, வியத்நாம் போரையும் தெருவில் நிகழும் அடக்குமுறையையும் நொந்து கேட்கின்றது. 1969இல் பெர்க்கிலி நகரப் பூங்கா ஒன்றில் காவலர் மாணவரைத் தாக்கியதனைக் கண்ட ரெனால்டோ பென்சன் என்னும் பாடகர் தொடங்கிய பாட்டு அது. வியத்நாமிலிருந்து மீண்ட தம்பி கூறியவை மார்வின் கேயின் உள்ளத்தில் இருந்தன. நிறுவனத் தலைவர் பெரி கார்டி அதனை வெளியிட முதலில் உடன்படவில்லை. தந்தை என்னும் விளி வீட்டுத் தந்தையையும் விண்ணகத் தந்தையையும் ஒருங்கே சுட்டும் நிலையில் நிற்கின்றது. உறவுமுறைப் பெயர் இயற்பெயர் அன்று ஆதலின் இரண்டற்கும் இடந்தருகின்றது. 1984இல் மார்வின் கே தம் தந்தையாராலேயே சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதனை அறிந்தோர்க்கு அவ்விளியைக் கேட்டல் எளிதன்று.

இத்தொகுதியின் இசையமைப்பில் ஒரு தற்செயல் நிகழ்ச்சி உண்டு. ஒரு பாட்டினை இருமுறை பாடிப் பதிவு செய்த மார்வின் கே, இரண்டனுள் சிறந்ததனைத் தெரிவு செய்தற்காக ஒலிக்கச் செய்யுமாறு கேட்டபொழுது, பொறியாளர் தவறுதலாக இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்துவிட்டார். கேட்டவர் அதனையே கைக்கொண்டார். ஒரு குரல் பாட, அதே குரல் சிறிது விலகி நின்று விடை கூறுகின்றது. முன்னவரும் குழுவினரும் இருந்த திருச்சபை முழுதும் ஒருவர் தொண்டைக்குள் வந்து புகுந்தது போன்ற விளைவு இதனால் உண்டாயிற்று.

ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்னும் குடும்பத்தினர் 1972இல் பாடிய 'ஐ வில் டேக் யூ தேர்' பற்றிச் சில சொற்கள் போதும். துன்பமும் பொய்முகமும் அற்ற ஓரிடத்திற்குக் கேட்போரை அழைத்துச் செல்வதாக அது கூறும். அவ்விடத்தின் பெயரைக் கூறவில்லை. திருச்சபையார்க்கு அது வானுலகு. உரிமைப் போராட்டத்தினர்க்கு அது நாளைய அமெரிக்கா. பெயர் சுட்டாமை ஆட்கு மட்டுமன்றி இடத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இது காட்டு.

இறுதியாக அல் கிரீன். ஆர்க்கன்சாவில் பிறந்த இவர், இளமையில் ஜாக்கி வில்சனின் தட்டுக்களைக் கேட்டமைக்காகத் தந்தையால் வீட்டினின்று வெளியேற்றப்பட்டவர். மெம்பிஸ் நகரில் வில்லி மிச்சலின் இசைப்பதிவுக் கூடத்தில் 1971 முதல் அவர் பதிவு செய்த காதற்பாட்டுக்கள் எழுபதுகளின் தலைசிறந்த குரலாக அவரை ஆக்கின. (அக்கூடமும் பழைய திரைப்படக் கொட்டகையே.) 1974இல் வெளிவந்த 'டேக் மீ டு த ரிவர்' என்னும் பாட்டில், தன்னை வஞ்சித்த காதலியைப் பற்றி முறையிடும் ஒருவன், தன்னை ஆற்றுக்குக் கொண்டுசென்று நீரில் அமிழ்த்துமாறு வேண்டுகின்றான். ஆறு ஞானமுழுக்கின் ஆறு. வேண்டுகோளோ காதலியை நோக்கியது. எவரிடம் வேண்டுகின்றோம் என்பதனைப் பாடுபவனே அறியாத நிலை அது. நான்கு ஆண்டுகள் கழித்து டாக்கிங் ஹெட்ஸ் என்னும் ராக் குழுவினர் அதனைப் பாடினர். திருச்சபையோடு தொடர்பற்ற அவர்கள் குரலில் ஆறு வெறும் ஆறாகவே ஒலிக்கின்றது என்பது எம் கருத்து, மாறுபடுவோரும் உளர்.

1974 அக்டோபரில் அவர் இல்லத்தில் நிகழ்ந்த பெருந்துயர் ஒன்றனை விரிக்க யாம் விரும்பவில்லை. 1976இல் அவர் மெம்பிஸில் ஒரு திருச்சபைக் கட்டடத்தை விலைக்கு வாங்கிப் போதகரானார். 1977இல், மிச்சலைப் பிரிந்து தாமே அமைத்து வெளியிட்ட 'பெல் ஆல்பம்' என்னும் தொகுதியின் முதற்பாட்டு 'பெல்'. தமிழ்ப் பொருளிலக்கணம் கற்றோர் இப்பாட்டினைத் தவறாது கேட்டல் வேண்டும். கோவை நூல்களில் கிளவித்தலைவன் வேறு, பாட்டுடைத்தலைவன் வேறு. காதல் ஒழுக்கம் கிளவித்தலைமக்களுக்கு உரியது. புகழ் பாட்டுடைத்தலைவனுக்கு உரியது. திருக்கோவையாரின் நானூறு பாட்டிலும் தில்லைக் கூத்தன் மலையாகவும் ஊராகவும் உவமையாகவும் சூழ நிற்பானேயன்றி, தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போட்டியாக வந்து நிற்பதில்லை. அல் கிரீனின் பாட்டில் பெல் என்னும் பெண் கிளவித்தலைவி. பெல் என்பதும் அழகி எனப் பொருள்படும் பொதுப்பெயரே. அவளும் பெயர் சுட்டப்பெறாதவள்தான். பாட்டுடைத்தலைவன் ஆண்டவன். இருவரும் ஒரே பாட்டில் நேருக்கு நேர் வந்துவிடுகின்றனர். பாடுபவன் விழைதல், வேண்டியிருத்தல் என்னும் இரு வினைகளைப் பிரித்து, முன்னதை அவளுக்கும் பின்னதை ஆண்டவனுக்கும் உரியதாக்கி, அவளிடமே அதனை எடுத்துரைக்கின்றான். பெயரின்றி நின்ற இடத்தில் இருவரும் ஒருங்கே அமர இயலாது என்று கண்டவன் பாட்டு அது. குரல் மட்டும் அப்பிரிவுக்கு உடன்படவில்லை. அவளை நோக்கும்போதும் ஆண்டவனை நோக்கும்போதும் அது ஒரே குழைவோடுதான் ஒலிக்கின்றது.

1979இல் சின்சினாட்டி நகர மேடையினின்று விழுந்த அல் கிரீன், அதனை ஆண்டவன் விடுத்த எச்சரிக்கையாகக் கொண்டு பல்லாண்டுகள் காதற்பாட்டை விடுத்துக் காஸ்பல் மட்டுமே பாடினார். எம் மாணவர் எழுப்பிய வினாவுக்கு விடை இவ்வரலாற்றில் உள்ளது எனக் கருதுகின்றோம். பெயர் நீங்கினால் பத்திப்பாட்டு காதற்பாட்டு ஆகும். ஆனால் வெறுங்காதற்பாட்டு ஆகாது. நீங்கிய பெயரின் தடம் அதன் இசையில் எஞ்சும். அத்தடத்தை அறியும் செவியுடையோர் இருக்கும்வரை, பாட்டு மீண்டும் அப்பெயரைத் தேடிச் செல்ல வழியுண்டு.

இவ்விடத்து எம் ஒப்பீட்டின் குறையையும் கூறிவிடுதல் முறை. பெயர் சுட்டாமை நம் அகமரபில் ஒருவர் காதலை எல்லார் காதலுமாக்கும் புலனெறி வழக்கு. அமெரிக்காவில் அது பெரும்பாலும் வணிகத்தின் பொருட்டு நிகழ்ந்தது. இறைவன் பெயர் இருப்பின் ஒரு கடை, இல்லையேல் வேறு கடை. நோக்கம் வேறாயினும் விளைவு ஒத்தது என்பதே எம் கூற்று. இன்னொரு வேறுபாடு இதனினும் பெரிது. பரிபாடற் பாட்டுக்கள் சிலவற்றின் இறுதியில் பாடியவர் பெயரோடு பண்ணின் பெயரும் இசை வகுத்தவர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. இசை வந்து சேரவில்லை. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இப்பாட்டு பத்தி, இப்பாட்டு காமம் என்று நாம் பிரிக்கின்றோம். 'வொண்டர்புல்', 'லவபிள்' ஆகிய இரண்டன் சொற்கள் மட்டும் நமக்குக் கிடைத்து, இசை கிடைக்காதிருப்பின், ஒன்றனை ஒருவரும் மற்றொன்றனை வேறொருவரும் பாடினர் என்று முடிவு கட்டியிருப்போம் அன்றோ?

வாட்ஸ் திருச்சபையில் அரீதா பாடிய இரு இரவுகளையும் சிட்னி போலாக் என்னும் இயக்குநர் திரைப்படமாகவும் எடுத்தார். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் தட்டவேண்டிய குறிப்பலகையைத் தட்டாமையால், படத்தையும் ஒலியையும் பொருத்த இயலாது போயிற்று. ஒலி மட்டும் 1972 ஜூனில் இசைத்தட்டாக வந்து, காஸ்பல் இசைத் தொகுதிகளுள் மிகுதியாக விற்பனையானவற்றுள் ஒன்றாயிற்று. கணிப்பொறியின் உதவியால் இரண்டும் பொருத்தப்பட்டு, அரீதா இறந்த 2018ஆம் ஆண்டின் இறுதியிலேயே படம் வெளிவந்தது. இசைத்தட்டினை நாற்பத்தாறு ஆண்டுகள் கேட்டோர் அறியாத ஒன்றை அதிற் காணலாம். இரண்டாம் இரவில், இசைப்பேழையின் முன் அமர்ந்து கண்மூடிப் பாடும் அரீதாவின் முகத்தில் வியர்வை வழிகின்றது. முன்வரிசையிலிருந்து எழுந்து வந்த தந்தையார், பாட்டு நிற்காமலே, ஒரு துணியால் அதனைத் துடைத்துவிடுகின்றார்.